லாக்டேட் ஏறினால் என்ன அர்த்தம்? செப்சிஸ் நோயாளியின் ரத்த ரிப்போர்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐ.சி.யூ. வாசலில் காத்திருப்பவர்கள் முன்பெல்லாம் "எப்படி இருக்கார் டாக்டர்?" என்று மட்டும்தான் கேட்பார்கள். இப்போது ரிப்போர்ட் செல்போனுக்கே வந்துவிடுகிறது. நான் கதவைத் திறந்து வெளியே வருவதற்குள் மகனோ மருமகளோ அதைக் கூகுளில் தட்டிப் பார்த்துவிட்டு முகம் வெளிறி நிற்கிறார்கள். "லாக்டேட் 5.2ன்னு சிவப்பு எழுத்துல போட்டிருக்கு, அப்பா பிழைச்சுக்குவாரா?" லாக்டேட் என்பது உடல் குளுக்கோஸை உடைக்கும்போது பிறந்து ரத்தத்தில் சேரும் ஒரு பொருள். தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு இந்த மாதிரிக் கேள்விகள் தினமும் வருகின்றன. கீழே இருப்பவற்றில் பாதி உறவினர்கள் கேட்டவை, மீதி நைட் டியூட்டி நர்சுகளும் மாணவர்களும் கேட்டவை. நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாததை உட்கார்ந்து எழுதியிருக்கிறேன்.

செப்சிஸ் என்றால் ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

பேச்சுவழக்கில் அப்படித்தான் சொல்கிறோம். அவசரத்தில் நாங்களும் "ரத்தத்துல இன்ஃபெக்‌ஷன் கலந்திருச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடுகிறோம். ஆனால் ரத்தக் கல்ச்சரில் ஒரு கிருமியும் வளராத செப்சிஸ் நோயாளிகள் ஏராளம். 2016இல் சர்வதேச நிபுணர் குழு வகுத்த வரையறை இது: தொற்றை எதிர்க்கக் கிளம்பிய உடலின் தற்காப்பு தறிகெட்டுப் போய், சொந்த உறுப்புகளையே உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்குப் பழுதாக்குவதுதான் செப்சிஸ். தொற்று நுரையீரலில் இருக்கலாம், சிறுநீர்ப் பாதையில் இருக்கலாம், சர்க்கரை நோயாளியின் கால் புண்ணில் இருக்கலாம். அடி வாங்குவது சிறுநீரகமும் கல்லீரலும் மூளையும்.

2017ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 4.89 கோடிப் பேருக்கு செப்சிஸ் வந்தது, அதையொட்டி 1.1 கோடிப் பேர் இறந்தார்கள் என்று 2020இல் லான்செட் இதழில் ஒரு கணக்கு வந்தது. அந்த ஆண்டின் மொத்தச் சாவுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று.

யார் தேறுவார், யாருக்கு ஆபத்து என்று எந்த டெஸ்ட்டை வைத்துச் சொல்கிறீர்கள்?

ஒற்றை டெஸ்ட் எதுவும் கிடையாது. சோஃபா என்று ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. 1990களில் வந்தது; வரவேற்பறை சோஃபாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நுரையீரல், ரத்த உறைவு, கல்லீரல், ரத்த ஓட்டம், மூளை, சிறுநீரகம் என்று ஆறு இடங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க், ஆக மொத்தம் 24. பள்ளிக்கூட மார்க்குக்கு நேர் எதிர், இங்கே கூடினால் மோசம். தொற்று உள்ளவருக்கு வழக்கத்தைவிட 2 மார்க் கூடினாலே செப்சிஸ் என்று எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கட்டத்தில் மருத்துவமனையில் இறப்பவர்கள் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்துப் பேர்.

அந்த ஆறில் லாக்டேட் இல்லை என்பது பலருக்கு ஆச்சரியம். ஆனால் செப்டிக் ஷாக் என்ற அடுத்த படிக்குப் போனால் லாக்டேட் வந்து உட்கார்ந்துகொள்கிறது. போதுமான அளவு ட்ரிப்ஸ் ஏற்றியும், சராசரி ரத்த அழுத்தத்தை 65இல் நிறுத்த மருந்து தேவைப்பட வேண்டும். கூடவே லாக்டேட் லிட்டருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அது ஷாக். அப்படிச் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறக்கிறார்கள். உடலின் எரிபொருள் கணக்கு எப்படி ஓடுகிறது என்று காட்டும் ரத்தக் குறியீடுகளில் நாங்கள் மணிக்கணக்கு வைத்துத் துரத்துவது இதைத்தான். அதனால் இந்தப் பக்கத்திலும் பெரும்பகுதி லாக்டேட் பற்றித்தான்.

லாக்டேட் என்பது விஷமா?

இல்லை. உங்கள் உடலும் என் உடலும் இந்த நிமிடம் அதைச் செய்துகொண்டிருக்கின்றன. ஓய்வாக இருக்கும் ஆள்கூட ஒரு நாளைக்குச் சுமார் 1,500 மில்லிமோல் உற்பத்தி செய்கிறார். குளுக்கோஸை உடைக்கும் வழியில் பிறக்கும் பொருள் அது. கல்லீரல் அதில் பெரும்பங்கை எடுத்துத் திரும்பக் குளுக்கோஸாக்குகிறது, சிறுநீரகம் இன்னொரு பங்கை எடுத்துக்கொள்கிறது. இதயம் அதையே எரிபொருளாகவும் எரிக்கிறது. வரவும் செலவும் சரியாக இருக்கும்வரை ரத்தத்தில் லிட்டருக்கு 2 மில்லிமோலுக்குக் கீழே கிடக்கும்.

1780இல் ஷீலே என்ற வேதியியலாளர் புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். நம் வீட்டுத் தயிரில் புளிப்பதும் அதுதான். மனித ரத்தத்தில் அதை முதலில் காட்டியவர் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் இருந்த யோகான் யோசஃப் ஷேரர். ஆண்டு 1843. அவர் எடுத்த ரத்தம் யாருடையது தெரியுமா? பிரசவத்தை ஒட்டி இறந்துபோன பெண்களுடையது. அவர்களில் பிரசவக் காய்ச்சலில் போனவர்களும் இருந்தார்கள். அதாவது இன்று நாம் செப்சிஸ் என்று சொல்வதில் போனவர்கள். பாக்டீரியாதான் நோய்க்குக் காரணம் என்று உலகம் ஒத்துக்கொள்வதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே செப்சிஸும் லாக்டேட்டும் ஒரே மேசையில் சந்தித்துவிட்டன.

எவ்வளவு இருந்தால் பயப்பட வேண்டும்?

முதலில் அலகைப் பாருங்கள். இதை ஒரு அனுபவத்தோடு சொல்கிறேன். ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு வேறொரு ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து போன்: "சார், ஒரு பேஷன்ட்டை அனுப்புறோம், லாக்டேட் 38." எனக்குத் தூக்கம் கலைந்தே போய்விட்டது. 38 இருக்கும் ஆள் ஆம்புலன்ஸில் வந்து சேர மாட்டார். வந்தார். பேசிக்கொண்டே வந்தார். அவர்கள் லேபில் மில்லிகிராம்/டெசிலிட்டர் கணக்கு. எங்கள் மெஷினில் மில்லிமோல்/லிட்டர் கணக்கு. மில்லிகிராம் கணக்கை 9ஆல் வகுத்தால் மில்லிமோல் வரும். 38 என்பது 4.2. அதுவும் நல்ல எண் அல்ல, ஆனால் வேறு ஒரு உலகம். ரிப்போர்ட்டில் 18 என்று பார்த்து அழுதவர்களையும் பார்த்திருக்கிறேன். மில்லிகிராமில் 18 என்றால் 2தான்.

மில்லிமோல் கணக்கில் 2 வரை நார்மல். 2 முதல் 4 வரை எச்சரிக்கை. 4ஐத் தொட்டால் ரத்த அழுத்தம் எப்படி இருந்தாலும் முழு வேகத்தில் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது நடைமுறை. சர்வைவிங் செப்சிஸ் கேம்பைன் என்ற சர்வதேச இயக்கத்தின் வழிகாட்டுதலின்படி லாக்டேட் 4ஐத் தொட்டாலோ பிபி விழுந்தாலோ ஒரு கிலோ எடைக்கு 30 மில்லி வீதம் திரவம் ஏற்றுகிறோம். 60 கிலோ ஆளுக்கு 1.8 லிட்டர். 2021 பதிப்பில் இந்தப் பரிந்துரையின் அழுத்தத்தைக் குறைத்துவிட்டார்கள். ஆளைப் பார்த்து அளவைத் தீர்மானிக்கலாம் என்ற இடம் கிடைத்திருக்கிறது. இதயம் பலவீனமானவர்களைப் பார்க்கும் எனக்கு அது நிம்மதி.

பிபி நார்மல், ஆக்சிஜன் 99. பிறகு எப்படி லாக்டேட் மட்டும் ஏறுகிறது?

மருத்துவப் புத்தகங்களிலேயே பல காலம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட இடம் இது. ஆக்சிஜன் போதாவிட்டால் செல்கள் ஆக்சிஜன் இல்லாத வழியில் குளுக்கோஸை எரிக்கும், லாக்டேட் குவியும் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அது உண்மை, ஆனால் பாதி உண்மை.

செப்சிஸில் உடல் அட்ரினலினை அள்ளிக் கொட்டுகிறது. அட்ரினலின் தசைச் செல்களை விரட்ட, அவை ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதே குளுக்கோஸை அவசர அவசரமாக உடைத்து லாக்டேட்டை வெளியே தள்ளுகின்றன. கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தால் அதைச் சுத்தம் செய்யும் வேகமும் விழுகிறது. வரவு கூடி, செலவு குறைந்தால் பாக்கி நிற்கத்தானே செய்யும். அதனால் உயர்ந்த லாக்டேட்டை "ஆக்சிஜன் போதவில்லை" என்று மட்டும் படித்தால் தப்பு. "உடம்பு பெரிய நெருக்கடியில் இருக்கிறது" என்று படித்தால் சரி. பிபி பார்க்க நன்றாக இருக்கும்போதே இந்த நெருக்கடி தொடங்கிவிடலாம். அமெரிக்காவில் அவசரப் பிரிவுக்கு வந்த 830 செப்சிஸ் நோயாளிகளை வைத்து 2009இல் வெளியான ஆய்வில், ஷாக் இல்லாதவர்களிடமும் லாக்டேட் கூடக் கூட மரணம் கூடியது. வார்டில் எழுந்து உட்கார்ந்து காபி குடிக்கிறவரை நாங்கள் ஏன் ஐ.சி.யூ.வுக்கு மாற்றச் சொல்கிறோம் என்று கோபப்படுபவர்களுக்கு இதுதான் பதில்.

காலையில் 6, மாலையில் 4. நல்லதா கெட்டதா?

நல்லது. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். முதல் எண்ணைவிட அது போகும் திசைதான் எனக்கு முக்கியம். 6இல் தொடங்கி இறங்குகிறவரைவிட, 3இல் தொடங்கி 3.4, 3.9 என்று ஏறுகிறவர் என்னை அதிகம் கவலைப்படுத்துவார்.

2004இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, 111 பேரை வைத்து, முதல் ஆறு மணி நேரத்தில் லாக்டேட் எவ்வளவு சதவீதம் குறைகிறது என்று பார்த்தது. நன்றாகக் குறைந்தவர்கள் அதிகம் பிழைத்தார்கள். 2010இல் நெதர்லாந்தில் 348 ஐ.சி.யூ. நோயாளிகளிடம் இரண்டு மணிக்கொரு முறை 20 சதவீதம் குறைப்பதையே இலக்காக வைத்துச் சிகிச்சை தந்து பார்த்தார்கள். இறப்பு 43.5 சதவீதத்திலிருந்து 33.9 ஆனது, வயது, நோயின் தீவிரம் போன்றவற்றைச் சரிசெய்து கணக்கிட்டபோதுதான் அந்த வித்தியாசம் உறுதியானது. வேடிக்கை என்னவென்றால், இரண்டு குழுக்களிலும் லாக்டேட் அளவு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இறங்கியிருந்தது. அப்படியானால் காப்பாற்றியது எது? எண்ணைப் பார்ப்பதற்காக அடிக்கடி கட்டிலருகே போனார்களே, அந்தக் கவனிப்பாக இருக்கலாம் என்பது என் சந்தேகம்.

அதற்கு அடுத்த அத்தியாயம் இன்னும் சுவாரசியமானது. அர்ஜென்டினா, சிலி, கொலம்பியா, ஈக்வடார், உருகுவே ஆகிய ஐந்து நாடுகளின் 28 ஐ.சி.யூ.க்களில் 424 செப்டிக் ஷாக் நோயாளிகளிடம் நடந்த ஆந்த்ரோமெடா ஷாக் ஆய்வு 2019இல் வந்தது. ஒரு பாதிக்கு லாக்டேட்டை இலக்காக வைத்தார்கள். மறு பாதிக்கு வெறும் விரல் நுனி. மைக்ராஸ்கோப்புக்கு வைக்கும் கண்ணாடிச் சில்லை வலது ஆள்காட்டி விரல் நுனியில் வெளுக்கும்வரை அழுத்தி, பத்து விநாடி பிடித்து, விட வேண்டும். மூன்று விநாடிக்குள் சிவப்பு திரும்பினால் நார்மல். அவ்வளவுதான் டெஸ்ட். 28 நாளில் இறந்தவர்கள் விரல் குழுவில் 34.9 சதவீதம், லாக்டேட் குழுவில் 43.4. வித்தியாசம் தற்செயல் அல்ல என்று சொல்லத் தேவையான புள்ளியியல் எல்லைக்கோட்டை மயிரிழையில் தவறவிட்டதால் விரல் ஜெயித்தது என்று சொல்ல முடியாது. ஆனால் காசு செலவில்லாத ஒரு சோதனை இயந்திரத்துக்குச் சளைக்கவில்லை. நம் ஊரில் லாக்டேட் அளக்கும் ரத்த வாயு மெஷின் இல்லாத சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! அதோடு ஒரு பாடமும் உண்டு: லாக்டேட் மெதுவாகத்தான் இறங்கும். எண் இன்னும் இறங்கவில்லையே என்று திரவத்தை ஊற்றிக்கொண்டே போனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

லாக்டேட் கூடியிருக்கிறது என்கிறீர்கள், ஆனால் ஏற்றும் பாட்டிலில் "ரிங்கர் லாக்டேட்" என்று எழுதியிருக்கிறதே?

சண்டை போடும் அளவுக்கு இதைக் கேட்டவர்கள் உண்டு. நியாயமான சந்தேகம்தான். அந்தப் பாட்டிலில் லிட்டருக்குச் சுமார் 28 மில்லிமோல் லாக்டேட் இருக்கிறது, சோடியம் உப்பாக. நாம் பயப்படுவது லாக்டேட் குவிவதற்குப் பின்னால் இருக்கும் காரணத்துக்கு, லாக்டேட்டுக்கு அல்ல. உடல் ஒரு நாளில் கையாளும் அளவுக்கு முன்னால் அந்த ஒரு பாட்டில் சிறு தொகை. கல்லீரல் ரொம்பவே கெட்டுப்போனவர்களுக்கு மட்டும் யோசித்து வேறு திரவம் தேர்ந்தெடுப்போம்.

எண் தவறாக வர வாய்ப்புண்டா?

நிறைய. சிரிஞ்சில் எடுத்த ரத்தம் செத்துப்போன பொருள் அல்ல. அதிலிருக்கும் சிவப்பணுக்கள் உள்ளேயே குளுக்கோஸைத் தின்று லாக்டேட்டைத் துப்பிக்கொண்டே இருக்கும். கட்டிலருகே எடுத்து மெஷினில் உடனே போட்டால் இரண்டு நிமிடத்தில் விடை. வார்டுபாய் வரட்டும் என்று மேசையில் வைத்தால் எண் தானாக ஏறும். தாமதமாகும் என்றால் ஐஸ் வைத்த கிட்னி டிரேயில் வைக்க வேண்டும், அல்லது ஃப்ளூரைடு போட்ட சாம்பல் மூடி டியூப்பில் எடுக்க வேண்டும். நர்சிங் மாணவர்களே, டியூப் மேல் நேரம் எழுதாமல் அனுப்பாதீர்கள்.

எண் சரியாகவே வந்தும் செப்சிஸ் காரணமாக இல்லாமல் இருக்கலாம். வலிப்பு வந்து முடிந்த கையோடு எடுத்தால் 10ஐக்கூடத் தாண்டலாம். ஓரிரு மணி நேரத்தில் தானே இறங்கிவிடும். ஆஸ்துமாவுக்குத் தொடர்ந்து சால்பியூட்டமால் நெபுலைசர் வைத்தால் ஏறும். அட்ரினலின் டிரிப் ஓடினால் ஏறும். சிறுநீரகம் கெட்ட நிலையில் மெட்ஃபார்மின் மாத்திரை தொடர்ந்தவர்களுக்கு ஏறும். ஐ.சி.யூ.வுக்கு யாரைக் கொண்டுவந்தாலும் வீட்டில் சாப்பிட்ட மாத்திரை அட்டைகளை ஒரு கவரில் போட்டுக் கொண்டுவாருங்கள் என்று நான் கெஞ்சுவது இதற்காகத்தான். நாள்பட்ட குடிப்பழக்கம் உள்ளவர்களிடமும் நெடுநாள் சரியாகச் சாப்பிடாதவர்களிடமும் வைட்டமின் பி1 குறைந்திருந்தால், குளுக்கோஸ் எரியும் பாதையில் கதவு ஒன்று மூடிக்கொண்டு லாக்டேட் தேங்கும். அதற்கு மருந்து மலிவான தயமின் ஊசி. குடிக்கிறவர் என்றால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தீர்ப்புச் சொல்ல நாங்கள் அங்கே இல்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை நோயே கிடையாது. சுகர் 260 வந்திருக்கிறது?

நெருக்கடி ஹார்மோன்களின் வேலை. அட்ரினலினும் கார்ட்டிசாலும் சேர்ந்து கல்லீரலிலிருந்து குளுக்கோஸை இறக்கிவிடுகின்றன. இன்சுலின் சொல்லை உடல் கேட்பதில்லை. பலருக்கு நோய் தணிந்ததும் இறங்கிவிடும். சிலருக்கு அதுவரை தெரியாமல் இருந்த சர்க்கரை நோய் இப்போதுதான் வெளியே வருகிறது. மூன்று மாதச் சராசரி டெஸ்ட் அதைக் காட்டிக்கொடுக்கும்.

180ஐத் தாண்டினால் இன்சுலின் தொடங்கி, 144 முதல் 180க்குள் வைத்திருக்கிறோம். "ஏன் 110க்குக் கொண்டுவரவில்லை?" என்று கேட்பவர்களுக்கு: ஒரு காலத்தில் அதைத்தான் செய்தோம். 2001இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் நடந்த ஆய்வு, கறாரான கட்டுப்பாட்டில் இறப்பு குறைவதாகக் காட்டியது. உலகமே பின்தொடர்ந்தது. 2009இல் 6,104 பேரை வைத்து வந்த நைஸ் சுகர் ஆய்வு எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது: கறாராகக் கட்டுப்படுத்திய குழுவில் 90 நாளில் 27.5 சதவீதம் இறந்தார்கள், தளர்வாக விட்ட குழுவில் 24.9. கறார் குழுவில் அபாயகரமான தாழ்சர்க்கரையும் பல மடங்கு. செப்சிஸ் நோயாளியின் சுகர் 260 என்றால் நான் நிதானமாக நடப்பேன். இன்சுலின் தராமலே 45 என்றால் ஓடுவேன். கல்லீரல் கையை விரித்துவிட்டது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

ஷாக்கில் விரல் நுனியில் ரத்த ஓட்டமே இருக்காது என்பதால் வீட்டு குளுக்கோமீட்டர் அளவை நம்ப முடியாது. ரத்தக் குழாயிலிருந்து எடுத்த ரத்தத்தில்தான் பார்க்கிறோம்.

புரோகால்சிட்டோனின் என்று 2,500 ரூபாய்க்கு ஒரு டெஸ்ட் எழுதினார்களே, அது தேவையா?

பாக்டீரியாத் தொற்றில் ரத்தத்தில் கூடும் ஒரு பொருள் அது. பில் தொகை ஊருக்கு ஊர் மாறும். டெஸ்ட் பயனுள்ளதுதான், ஆனால் எதற்கு என்பதில் குழப்பம் இருக்கிறது. ஆன்டிபயாட்டிக் தொடங்கலாமா என்று முடிவு செய்ய இதற்காகக் காத்திருக்கக் கூடாது. எப்போது நிறுத்தலாம் என்பதற்கு இது உதவும். உச்சத்திலிருந்து 80 சதவீதம் இறங்கினாலோ 0.5க்குக் கீழே போனாலோ நிறுத்துவதை யோசிக்கலாம். நெதர்லாந்தில் 1,575 பேரிடம் இப்படிச் செய்து பார்த்ததில் மருந்து நாட்கள் குறைந்தன, இறப்பும் குறைந்தது. பெரிய அறுவை சிகிச்சை, தீக்காயம், சிறுநீரகச் செயலிழப்பு இருந்தால் தொற்று இல்லாமலும் கூடும். ஒரே ஒரு முறை எடுத்துவிட்டு மறந்துபோவதாக இருந்தால் அந்தக் காசை மிச்சப்படுத்தலாம் என்பது என் கட்சி.

கிரியேட்டினின், பிலிருபின், ஆல்புமின்?

முதல் இரண்டும் சோஃபா மார்க்கிலேயே உண்டு: கிரியேட்டினின் சிறுநீரகத்துக்கு, பிலிருபின் கல்லீரலுக்கு. கிரியேட்டினின் தாமதமாக வரும் சாட்சி; சிறுநீரகம் அடிபட்டு ஒரு நாள் கழித்துத்தான் முழு உண்மையைச் சொல்லும். அதற்கு முன்பே கட்டிலோரம் தொங்கும் சிறுநீர் சேரும் பை சொல்லிவிடும், ஆகவே மணிக்கு எத்தனை மில்லி என்று குறித்துக்கொண்டே இருக்கிறோம். ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் குறைவது நோயின் கடுமைக்கு அடையாளம், முட்டை சாப்பிடாததால் அல்ல.

ஒரு சொட்டு ரத்தத்தில் நூற்றுக்கணக்கான பொருட்களை அளந்து முடிவைச் சொல்லும் புதிய டெஸ்ட் வந்துவிட்டதாமே?

ஆராய்ச்சியில் இருக்கிறது, உங்கள் ஊர் ஐ.சி.யூ.வில் இல்லை. 2013இல் ஓர் அமெரிக்க ஆய்வு, செப்சிஸில் பிழைத்தவர்களின் ரத்தத்தையும் இறந்தவர்களின் ரத்தத்தையும் இப்படி அளந்து ஒப்பிட்டது. கொழுப்பை எரிக்கும் பாதையில்தான் பெரிய வித்தியாசம். இறந்தவர்களிடம் கார்னிட்டின் என்ற பொருளோடு ஒட்டிய கொழுப்புத் துண்டுகள் எரியாமல் தேங்கியிருந்தன. அடுப்பு அணைந்துவிட, விறகு மட்டும் குவிவது போல. அப்படியானால் கார்னிட்டினை ஊசியில் கொடுத்தால்? 250 பேரிடம் கொடுத்துப் பார்த்து 2018இல் முடிவு வெளியிட்டார்கள். எதிர்பார்த்த பலன் இல்லை. வைட்டமின் சி கதை இன்னும் மோசம்: 872 பேரிடம் நடந்த லோவிட் ஆய்வில், 2022இல், வைட்டமின் சி பெற்றவர்களுக்கே முடிவு மோசமாக இருந்தது. போதாததற்கு அது சில குளுக்கோமீட்டர்களை ஏமாற்றிச் சுகரைக் கூட்டிக் காட்டும். ரத்தத்தில் ஒன்று குறைந்திருக்கிறது என்பதால் அதை ஊற்றினால் சரியாகிவிடும் என்ற கணக்கு செப்சிஸில் திரும்பத் திரும்பத் தோற்றிருக்கிறது.

லாக்டேட் 12 என்றார்கள். நம்பிக்கையை விட்டுவிடலாமா?

12 கடுமையான எண், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நான் மேலே சொன்ன சதவீதங்கள் எல்லாம் கூட்டத்தைப் பற்றியவை. நூறு பேரில் எத்தனை பேர் என்று அவை சொல்லும். உங்கள் அப்பா அந்த நூறில் எந்தப் பக்கம் என்று சொல்லாது. ஏன் 12 என்பது முதல் கேள்வி. பித்தப் பாதையில் அடைப்பு, வயிற்றில் சீழ்க்கட்டி, கருகிப்போன குடல் என்று கத்தி வைத்து அகற்றக்கூடிய காரணம் இருந்தால் கதை மாறலாம். ஆறு மணி நேரம் கழித்து 9 ஆனதா, 15 ஆனதா என்பது இரண்டாவது. ஒற்றை லாக்டேட்டைக் கையில் வைத்துக்கொண்டு "சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பிடுங்க" என்று சொல்லும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு நாள் முழு சிகிச்சைக்குப் பிறகும் ஏறிக்கொண்டே இருந்து, மற்ற உறுப்புகளும் ஒவ்வொன்றாகக் கைவிட்டால், அப்போது உட்காரவைத்துப் பேசுவேன்; அந்தப் பேச்சைத் தள்ளிப்போடவும் மாட்டேன்.

ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்த்துச் சொல்வீர்களா?

அனுப்புகிறார்கள். பெரும்பாலும் ஒரு எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்ட படம், அலகு வெட்டுப்பட்டு, நேரம் இல்லாமல். எனக்குத் தேவை வேறு: முந்தைய லாக்டேட் எவ்வளவு, எத்தனை மணிக்கு எடுத்தது, பிபி மருந்து கூடுகிறதா குறைகிறதா, கடைசி ஆறு மணி நேரத்தில் சிறுநீர் எவ்வளவு, கூப்பிட்டால் கண் திறக்கிறாரா. இந்த ஐந்தையும் அங்கே கட்டிலருகே இருக்கும் டாக்டரிடமே கேளுங்கள். அந்த ஐந்துக்கும் பதில் அவரிடம்தான் இருக்கும், என் போனில் இருக்காது.